பல் டாக்டர் வீட்டுக் கடல்

பல் டாக்டர் வீட்டு ஹாலில் வசித்த கடல் இரண்டு முறை அவரைத் தேடிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறது. மூன்றாவது முறை போகாது, போனால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று அவருடைய மைத்துனனான லிஃப்ட் மெக்கானிக் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். சுவிட்ச் உள்ள எதையும் தனியாக விட்டுவிட்டுப் போகலாம், மனித நாகரிகம் என்பதே அதுதான், கடல் மட்டும் என்ன பெரிய விதிவிலக்கா என்பது அவன் கட்சி. அந்த மீசையும் லேசுப்பட்டதல்ல. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கதவு ஒரு சாண் திறந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். பார்த்ததும் அழுகையை நிறுத்திவிடுவார்கள். ஆகவே பந்தயம் பெரியதுதான் என்று தெரு எடுத்துக்கொண்டது.

கடல் என்றால் ஹாலில் ஒரு சுவர் நீளத்துக்கு நின்ற கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீரும், உயிருள்ள பவளங்களும், ஒரு கோமாளி மீன் ஜோடியும், வீட்டில் யார் என்ன பேசினாலும் ஒட்டுக்கேட்கும் ஒரு மஞ்சள் மீனும், மற்ற மீன்களின் வாயைச் சுத்தம் செய்து பிழைக்கும் சிவப்புக் கோடு போட்ட ஓர் இறாலும் இருந்தன. அந்த இறாலைக் கடையில் பார்த்துத்தான் டாக்டர் தொட்டியையே வாங்கினார். ஒரே தொழிலில் இருப்பவர்களுக்குப் பேச ஆயிரம் இருக்கும். கிளினிக்கை அடைத்துவிட்டு வந்ததும் தொட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு வந்த பற்களைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்லுவார். சொல்லி முடித்ததும் தண்ணீர் மட்டத்தில் முகத்தை வைத்து ஆ காட்டுவார். இறால் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகும். இப்படிச் சில மாதங்கள் போன பிறகு தொட்டிக்கு ஏற்றமும் வற்றமும் வந்தன. பௌர்ணமியன்று சோபாவின் காலடியில் சிப்பிகள் ஒதுங்கும். டாக்டரின் மனைவி பூகோள டீச்சர். பாடப் புத்தகத்தில் உள்ளபடிதான் அலை ஏறி இறங்குகிறது என்பதைச் சரிபார்த்துவிட்டு, சிப்பிகளைப் பெருக்கி ஓரமாகத் தள்ளினார்.

தொல்லை, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியபோதுதான் வந்தது. முதல் தடவை ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். சாப்பிட்டுவிட்டு டாக்டர் கை கழுவக் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர் வந்தது, பின்னாலேயே கோமாளி மீன் ஜோடியும் வந்தது. பிளாஸ்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது தடவை ஒரு மலை மேல் லாட்ஜில் அறை எடுத்தார்கள். காலையில் பாத்ரூம் கதவைத் திறந்தால் மொத்தக் கடலும் குளியல் தொட்டியில் இருந்தது. பவளம் சோப்புப் பலகையில் உட்கார்ந்திருந்தது. லாட்ஜ் மேனேஜர் உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, கூடுதல் ஆள் என்று பில்லில் சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு பல வருஷம் அந்தக் குடும்பம் எங்கேயும் போகவில்லை. பூகோள டீச்சர் மட்டும் ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் பனியாறு வரைந்து, அது எப்படி நகரும், பாறையை எப்படி அரைக்கும் என்று நடத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் கடைசி பெஞ்ச்சிலிருந்து, "டீச்சர், நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?" என்று ஒரு பெண் கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "இந்த லீவுல பனியாறு பாக்கறேன். உங்க கடல் பின்னாடியே வந்துச்சுன்னா, அதுகூடவே நீங்க திரும்பி வந்துடுங்க. நான் தனியா மேல ஏறிப் போயிடுவேன், எறங்க மாட்டேன்" என்றார். டீச்சர் ஒரு பேச்சு சொன்னால் சொன்னதுதான் என்பது டாக்டருக்கும் கடலுக்கும் தெரியும்.

அப்போதுதான் டீச்சரின் தம்பியான மெக்கானிக், மீசையைப் பணயம் வைத்து உள்ளே நுழைந்தான். லீவுக்குப் போகும்போது ஒரு பவளத் தொட்டிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பது டாக்டருக்கு மனப்பாடம். கிளம்புவதற்கு முந்தைய மாதம் புதிதாக ஒரு நத்தைகூட உள்ளே வரக்கூடாது. மெஷின்களையெல்லாம் கிளம்பும் அன்றைக்கு மாட்டக்கூடாது. முன்னாலேயே மாட்டி, பழுது வருகிறதா என்று கூட இருந்து பார்க்க வேண்டும். மீன் தீனியை மாத்திரை டப்பாவில் வேளை வாரியாகப் போட்டுவிட்டு மிச்சத்தை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும், ஏனென்றால் புதிதாகப் பார்த்துக்கொள்ள வருகிறவர்கள் பாசத்தில் கொட்டிவிடுவார்கள். மட்டம் குறைந்தால் நல்ல தண்ணீர்தான் விட வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். மெக்கானிக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மட்டம் இறங்கினால் தானாகத் தண்ணீர் விடும் மிதவை, விளக்குக்கு டைமர், மோட்டாருக்கு இன்வெர்ட்டர் என்று ஹாலையே லிஃப்ட் ரூம் மாதிரி ஆக்கினான். எல்லாவற்றிலும் பச்சை விளக்கு எரிந்தது.

"அப்புறம் சாயங்காலம் கதை" என்றார் டாக்டர்.

மெக்கானிக் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அத்தான், நீங்க மீன் வளக்கறீங்களா, மீன் உங்கள வளக்குதா?"

"கிண்டல் பண்ணாத மாப்ள. அதுக்குப் பழகிப்போச்சு."

"விட்டா தாலாட்டுப் பாடணும்பீங்க போல."

"அது ஞாயித்துக்கெழமை மட்டும்தான்" என்றார் டாக்டர்.

டீச்சர் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தார். "டேய், சிரிச்சது போதும். நான் பனியாறு பாக்கலன்னா உன்னத் தூக்கி உள்ள போட்டு மூடிடுவேன்." மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கதைக்கும் ஒரு வழி இருக்கிறது என்றான். டாக்டரை ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு கதையைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தான். அதை ஒரு ஸ்பீக்கரில் ஏற்றி, ஸ்பீக்கரையும் டைமரில் மாட்டினான். அதிலும் ஒரு பச்சை விளக்கு இருந்தது.

பெட்டியைப் பார்த்தால் கடலுக்குப் புரிந்துவிடும் என்பதால், ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகக் காய்கறிப் பையில் மெக்கானிக் வீட்டுக்குப் போயின. பயணத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்தப் போகிறோம் என்றே பேசிக்கொண்டார்கள். மஞ்சள் மீன் படுக்கையறைப் பக்கத்துக் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு கேட்டது. ஒத்திகையும் நடந்தது. முதல் ஒத்திகையில் டாக்டரும் டீச்சரும் தெருமுனை பேக்கரிவரை போய் டீ குடித்தார்கள். டீ உப்புக் கரித்தது. பேக்கரிக்காரர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினார். அடுத்தடுத்த ஒத்திகைகளில் கரிப்பு குறைந்து, ஒரு நாள் டீ டீயாகவே இருந்தது. மறுநாள் காலையில் டாக்டர் கிளினிக் கோட்டைப் போட்டுக்கொண்டும், டீச்சர் விடைத்தாள் கட்டைச் சுமந்துகொண்டும், வழக்கம்போல் வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி போய் ரயில் ஏறினார்கள்.

முதல் நாள் சாயங்காலம் ஸ்பீக்கர் கதை சொன்னது. ஒரு போலீஸ்காரர் கடைவாய்ப் பல்லோடு வந்து, ஊசியைப் பார்த்ததும் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்ட கதை. பவளமெல்லாம் விரிந்தது. மெக்கானிக் சோபாவில் காலை நீட்டி சிப்ஸ் தின்றபடியே படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினான். கடலை ஆட்டோமேட்டிக்கில் போட்டுவிட்டேன் என்று பேக்கரியில் சொல்லிவிட்டும் வந்தான். மறுநாள் அதே போலீஸ்காரர் வந்தார். பவளம் பாதிதான் விரிந்தது. அதற்கு அடுத்த நாள் ஸ்பீக்கர் "ஒரு போலீஸ்காரர்" என்று ஆரம்பித்ததுமே, கடைவீதியில் ஷட்டரை இழுத்துவிடுவதுபோல் பவளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன. தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கியது. மிதவை தன் கடமையைச் செய்தது, நல்ல தண்ணீர் விட்டது. மறுபடி இறங்கியது, மறுபடி விட்டது. உப்பளக்கும் கருவியைப் போட்டுப் பார்த்தால் உப்பு குறைந்திருந்தது. ஆவியானால் உப்பு மிஞ்ச வேண்டும். தண்ணீரும் உப்பும் சேர்ந்து குறைகிறதென்றால் அது ஆவியாவது இல்லை, மூட்டை கட்டுவது. மீன்களெல்லாம் வாசல் கதவைப் பார்த்தபடி வரிசையில் நின்றன.

அக்காவிடமிருந்து போன் வந்தது. போகிற இடத்திலெல்லாம் குழாய்த் தண்ணீரை முதலில் நக்கிப் பார்ப்பது அவர் வேலையாகியிருந்தது.

"லேசாக் கரிக்குதுடா" என்றார், குரலைத் தாழ்த்தி. "உங்க அத்தானுக்கு இன்னும் தெரியாது, நான் பாட்டில் தண்ணிதான் குடுக்கறேன். நாளைக்குக் காலைல பனியாறு. ஜன்னல்லேருந்தே தெரியுதுடா, வெள்ளையா, எவ்ளோ பெருசு! அவர் ஒரு வாய் குடிச்சா போதும், அடுத்த வண்டியில கெளம்பிடுவார்."

"எல்லாம் கன்ட்ரோல்ல இருக்குக்கா" என்றான் மெக்கானிக்.

"உன் கன்ட்ரோல்ல தீய வை. ஏதாவது பண்ணுடா."

அவன் ஒயர்களையெல்லாம் அவிழ்த்து மாட்டினான். மோட்டாரில் காதை வைத்துக் கேட்டான். எல்லாம் சரியாக ஓடின. எல்லாப் பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு கடல் வீட்டை விட்டுப் போக முடியும் என்பது அவன் தொழிலில் கேள்விப்படாத சமாசாரம். பிறகு அவன் ஸ்பீக்கரைப் பிடுங்கினான். தெருவில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப்பார்த்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். ஸ்டூலைக் காலால் நகர்த்தி, ஏதோ ஷூ லேஸ் கட்டப்போகிறவன் மாதிரி உட்கார்ந்தான்.

"எனக்குப் பல்லப் பத்தியெல்லாம் தெரியாது" என்றான் தொட்டியிடம். "இன்னிக்கு ஒரு லிஃப்ட்டு நின்னுபோச்சு. அதச் சொல்லவா?"

மீன்கள் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் சொன்னான். வக்கீல் ஆபீஸ் இருக்கிற கட்டடம். விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடப் போன ஒரு புருஷனும் பெண்சாதியும் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். இவன் போய்க் கதவை ஒரு சாண் திறந்தபோது, உள்ளேயிருந்து அந்தம்மா, "தம்பி, கொஞ்ச நேரம் மூடிட்டுப் போறீங்களா, ஒரு விஷயம் பேசி முடிச்சுக்கறோம்" என்றாராம். மஞ்சள் மீன் திரும்பியது. "மூடிட்டேன்" என்றான் மெக்கானிக். ஒரு பவளம் விரிந்தது. தன் வேலையைப் பற்றி அவன் யாரிடமும் இவ்வளவு நேரம் பேசியதில்லை. அக்கா கேட்டால்கூட "ஏறுது, எறங்குது" என்று முடித்துவிடுவான். இப்போது மூட்டையை அவிழ்த்ததுபோல் வந்துகொண்டே இருந்தது. லிஃப்டில் ஏறப் பயந்து எட்டு மாடியும் நடந்தே ஏறும் அவன் முதலாளியும் கதைக்குள் வந்தார். சொல்லி முடித்தபோது பவளம் முழுக்க விரிந்து, தண்ணீர் பழைய கோட்டுக்கு ஏறி, கருவியில் உப்பும் திரும்பியிருந்தது.

மிச்சமிருந்தது ஆ காட்டுவதுதான். தண்ணீரில் முகத்தை வைத்தான். இறால் ஏறி வந்தது, மீசையைத் தடவிப் பார்த்தது, தன்னைவிடப் பெரிய ஓர் இறால் தன் இடத்தைப் பிடிக்க வந்திருப்பதாக நினைத்துச் சண்டைக்கு நின்றது. மெக்கானிக் எவ்வளவோ எடுத்துச் சொன்னான். கடைசியில் எழுந்து பாத்ரூமுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி ஆ காட்டினான்.

காலையில் அக்கா போனில் கத்தினார். "டேய், சப்புன்னு இருக்குடா! தண்ணி சப்புன்னு இருக்கு!" அன்றைக்கு அவர் பனியாற்றின் மேல் நின்றார், குனிந்து அதையும் ஒரு நக்கு நக்கிப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் போட்டிருப்பதெல்லாம் சரிதான் என்று டாக்டரிடம் சொன்னார். இங்கே மெக்கானிக்கின் வெறும் உதட்டைப் பார்த்த தெரு, கடல் போய்விட்டது என்று முடிவு கட்டி, துக்கம் விசாரிக்கக் கூட்டமாக வந்தது. கடல் ஹாலில்தான் இருந்தது, அலைகூட அடித்தது. பின்னே மீசை என்று கேட்டதற்கு, வெயில் தாங்கவில்லை என்றான். வெயில்தான், என்று தெரு ஒத்துக்கொண்டது.

டாக்டரும் டீச்சரும் பெட்டியோடு திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. திறந்தார்கள். ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மெக்கானிக், திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, இருங்கள் என்று சைகை செய்தான். டாக்டர் பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். டீச்சர் சோபா காலடியில் ஒதுங்கியிருந்த சிப்பிகளைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் டிவி போடவில்லை. மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, சன்னமான குரலில், ஆராரோ என்று ஆரம்பித்தான்.