தொட்டியில் கரைத்த மஞ்சள்

வடக்குப்பட்டில் சின்னப்பொண்ணுவின் கைப்பக்குவத்துக்கு நல்ல பெயர். எதையும் அளந்து போட மாட்டாள். கை அள்ளியதுதான் கணக்கு, ஆனால் உப்பும் காரமும் இம்மி பிசகாது. அந்தக் கை அன்று காலையில் கொல்லைத் தொட்டிக்கு எதிரே பிளீச்சிங் பவுடர் பொட்டலத்துக்குள் போயிருந்தது.

"மே! கொழம்புக்கு உப்பா போடற?" என்று சைக்கிளைச் சாத்திக்கொண்டே கத்தினான் அவள் புருஷன் பரசுராமன். நைட் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தான்.

"இன்னும் ரெண்டு கை போட்டா நல்லா சுத்தமாவும்ல?"

"பக்கெட்டுல கரைச்சி வை. பவுடருல இருக்கிற சுண்ணாம்பு அடியில தங்கிரும். மேல தெளிஞ்சத மட்டும் ஊத்து. எத்தினி வாட்டி சொல்றது?"

"அடியில தங்கறதும் காசு குடுத்து வாங்கினதுதான? அத எதுக்குக் கீழ கொட்டணும்?"

பரசுராமன் கொட்டாவி விட்டுக்கொண்டே படுக்கப் போய்விட்டான். அவன் தலை மறைந்ததும் சின்னப்பொண்ணு பக்கெட்டின் அடியில் தங்கியிருந்த வெள்ளைச் சகதியையும் வழித்துத் தொட்டியிலேயே ஊற்றினாள். தினமும் இதுதான் நடந்துகொண்டிருந்தது.

அந்தத் தொட்டி வந்த கதையைச் சொல்ல வேண்டும். அவர்களுடைய ஒரே மகள் சசிரேகாவுக்கு ஒன்பது வயது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த போலியோ, வலது காலைச் சூம்ப வைத்துவிட்டது. இன்னமும் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் சின்னப்பொண்ணு பள்ளிக்கூடத்தில் விட்டு வருவாள். பட்டணத்து ஆஸ்பத்திரி டாக்டர், "தினமும் மார்பளவு தண்ணியில நடக்க விடுங்க. காலுக்குக் கொஞ்சம் பலம் வந்தா இரும்புப் பட்டை போட்டுடலாம். பிறகு அவளே நடந்து ஸ்கூல் போவா" என்று சொல்லியிருந்தார். கிணற்றில் நடக்க முடியுமா? ஏரி வற்றிக் கிடந்தது. பரசுராமன் வேலை பார்த்த கம்பெனியில் பெரிய இரும்புத் தொட்டி ஒன்றைக் கழித்துப் போட்டார்கள். அதை வாங்கி, ஓட்டையை அடைத்து, நீலப் பெயின்ட் அடித்துக் கொல்லையில் வைத்துவிட்டான். 'மாட்டுக்குத் தொட்டி வைப்பாங்க, இவன் மனுஷனுக்கு வச்சிருக்கான்' என்று ஊரே வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது.

கரண்ட் இருக்கிற இருப்பில் தினமும் தண்ணீரை மாற்றுவது நடக்கிற காரியமா? அதனால்தான் அந்தப் பிளீச்சிங் மருந்து. கம்பெனியில் தண்ணீர் சுத்தம் செய்யும் பிளான்ட்டில்தான் பரசுராமனுக்கு வேலை. அங்கிருந்து ஒரு சின்ன சொட்டுப் புட்டியும் கண்ணாடிக் குழாயும் கேட்டு வாங்கி வந்து பெண்டாட்டிக்குப் பாடம் நடத்தினான். குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சில சொட்டு விட வேண்டும். இளமஞ்சளாக மாறினால் தண்ணீரில் மருந்து இருக்கிறது, சுத்தம். நிறம் மாறாவிட்டால் மருந்து தீர்ந்துவிட்டது. "வெயிலு, வேர்வை, அழுக்கு, எல்லாம் மருந்தத் தின்னுரும்" என்றான். சின்னப்பொண்ணு இதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். சாயங்காலம் தவறாமல் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எலுமிச்சம்பழக் கலர்! பாஸு!" என்று தனக்குத்தானே மார்க் போட்டுக்கொள்வாள்.

எல்லாம் சரி, சசிரேகாதான் நடக்கவில்லை. தண்ணீரில் இறக்கிவிட்டால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுவாள். "கண்ணு எரியுதும்மா" என்பாள். நடக்காமலிருக்கச் சொல்லும் சாக்கு என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அடுத்த முறை டாக்டரிடம் என்ன சொல்வது என்ற கவலை மட்டும் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

ஒருநாள் சாயங்காலம் ரேஷன் கடையிலிருந்து திரும்பியவள், கொல்லையில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஓடினாள். தொட்டிக்குள் சசிரேகாவும் அவளோடு படிக்கும் இசைவாணியும். இசைவாணி காலனிப் பெண். ஊர்க்காரர் நிலங்களில் நடவுக்கும் களைக்கும் போகும் தாயாரம்மாளின் மகள். சிநேகிதியின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு, வேலி இடுக்கு வழியாகக் கொல்லைக்கு வந்தவள், அவளைத் தாங்கித் தொட்டியில் இறக்கிவிட்டுத் தானும் இறங்கியிருந்தாள்.

"புடிடி பாக்கலாம்! நொண்டி அடிச்சாவது புடி!" என்று இசைவாணி பின்னால் நகர, "நில்லுடி, ஓடாத!" என்று சசிரேகா தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நடந்தாள். ஓரத்தைப் பிடிக்காமல் நடந்தாள். சின்னப்பொண்ணுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அரிசிப் பையைக் கீழே போட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னாம்மா இது?" வேலிக்கு அந்தப்புறம் புருஷனின் பெரியப்பா மகன் கோதண்டம் நின்றிருந்தார். ஊரில் நல்லது கெட்டதுக்கு அவர் பேச்சுதான் பேச்சு. "காலனிப் பொண்ணு நம்ம தொட்டியில குளிச்சிகினு கீது, நீ பாத்துகினு நிக்கிற?"

நிறைந்த கண் அப்படியே வற்றியது. சின்னப்பொண்ணு கெட்டவள் இல்லை. இசைவாணியைத் திட்டவில்லை. கரையேறியவளுக்கு ஒரு முறுக்கு எடுத்து வந்து, கை படாமல் மேலேயிருந்து உள்ளங்கையில் போட்டு, "இருட்டப் போவுது, வூட்டுக்குப் போ கண்ணு. இனிமே இங்க வராத, இன்னா?" என்று அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொன்னால் குத்தாது என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். இசைவாணி முறுக்கைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு சின்னப்பொண்ணு வழக்கம்போலக் குழாயில் சொட்டு விட்டுப் பார்த்தாள். இளமஞ்சள் வந்தது. கை தன் வேலையைச் செய்தது, மனசு அதைப் பார்க்கவில்லை. இருட்டிய பிறகு, கோதண்டம் சொன்னபடி மஞ்சளையும் கோமியத்தையும் குடம் குடமாகக் கரைத்து ஊற்றி, வேப்பிலையைப் போட்டுத் துடைப்பக் கட்டையால் அடிவரை கலக்கிவிட்டாள். தீட்டுக் கழிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்து பார்த்தால் தொட்டித் தண்ணீர் செக்கச் சிவந்து கிடந்தது.

"பாத்தியா? அம்மனுக்கு ஆவல" என்று கோதண்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே சசிரேகா, "இசைவாணி வந்தாத்தான் நான் தண்ணியில எறங்குவேன்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று ஆரத்தி சுற்றிப்போட அடுப்பங்கரைக்கு ஓடினாள் சின்னப்பொண்ணு. தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்தாள். சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டு விரலால் கலக்கினாள். தண்ணீர் சிவந்தது.

விரல் அப்படியே நின்றது. எத்தனை கல்யாணத்துக்கு, எத்தனை பிள்ளைப்பேற்றுக்கு இந்தக் கையால் ஆரத்தி கரைத்திருப்பாள்! மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும். சாமி கோபமா அது? தொட்டியில் மஞ்சளை ஊற்றியது யார்? வழித்து வழித்துச் சுண்ணாம்பை ஊற்றியது யார்?

ஷிஃப்ட் முடிந்து வந்த பரசுராமனைக் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தாள். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது.

"சுண்ணாம்பு ஏறிப்போச்சி. புள்ளைக்குக் கண்ணு எரிஞ்சதும் அதான்" என்றான் பரசுராமன். குனிந்து மோந்து பார்த்தான். "மருந்து வாசனையே இல்ல. நீ ஊத்துன கோமியமும் எலையும் எல்லாத்தயும் தின்னுடுச்சி. நேத்து சொட்டு வுட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். நல்லா எலுமிச்சம்பழக் கலரு."

"எப்போ? அந்தப் பொண்ணு குளிச்சதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

சின்னப்பொண்ணு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "பின்னால" என்றாள்.

பரசுராமன் தொட்டியின் அடி மூடியைத் திறந்து தண்ணீரை ஓட விட்டான். அது ஓடி முடிகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. தொட்டி விளிம்பில் அந்த முறுக்கு எறும்பு மொய்த்துக் கிடந்தது.

அன்று பகலிலேயே காலனிக்குப் போனாள். தாயாரம்மாள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"தாயாரக்கா" என்றாள் சின்னப்பொண்ணு. இதுவரை அவளை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. "தப்புப் பண்ணிட்டேன். பொண்ண அனுப்பு. அவ வந்தாத்தான் எம் புள்ள நடக்குது."

"உம் புள்ள நடக்கணும், அதுக்கு எம் பொண்ணு வேணும்" என்றாள் தாயாரம்மாள். "தொட்டிய மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவுனியாமே? எம் பொண்ணு ராத்திரி கேக்குது, 'எம்மேல இன்னாம்மா ஒட்டிகினு கீது'ன்னு. நான் இன்னா சொல்லட்டும்?"

சின்னப்பொண்ணு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தாயாரம்மாள் கோடாலியைச் சாய்த்து வைத்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"சசியும் எனக்குப் புள்ள மாதிரிதான். நடக்கட்டும், எனக்கும் சந்தோஷம். ஆனா இனிமே எம் பொண்ணு வேலிச் சந்துல நொழஞ்சி வராது. சிநேகிதின்னா தெருவாசல் வழியா, நடுவூட்டத் தாண்டி வரும். அதுக்கு மனசு இருந்தா கூப்புடு."

நடுவீட்டில் சாமி படம் இருந்தது. இதுவரை காலனிக் கால் எதுவும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. சின்னப்பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானே வந்து கூட்டிகினு போறேங்க்கா" என்றாள்.

தொட்டி மறுபடி நிறைந்த அன்று, பவுடரைப் பக்கெட்டில் கரைத்துப் பொறுமையாகக் காத்திருந்தாள். தெளிந்ததை மட்டும் ஊற்றினாள். அடியில் தங்கியதைக் குழி வெட்டிக் கொட்டி மூடினாள். சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, சாயங்காலம் இசைவாணியின் கையைப் பிடித்துத் தெருவோடு நடத்தி வந்தாள்.

வாசலில் கோதண்டம் மறித்துக்கொண்டார். "கழுவுன தொட்டிய மறுபடியும் அழுக்காக்கப் போறியா?"

"வழிய வுடுங்க மாமா" என்றாள் சின்னப்பொண்ணு. பிடித்த கையை அவள் விடவில்லை. "இந்தப் பொண்ணு குளிச்ச பெறகு நான் சோதிச்சிப் பாத்தேன், தண்ணி சுத்தமாத்தான் இருந்துச்சி. தீட்டுக் கழிக்கிறேன்னு நான் குடம் குடமா ஊத்துனேன் பாருங்க, அப்பதான் கெட்டுப் போச்சி. அழுக்கு இவ ஒடம்புல இல்ல மாமா. என் குடத்துல இருந்துச்சி, உங்க பேச்சுல கீது."

கோதண்டம் நகர்ந்தாரோ, நகர்த்தப்பட்டாரோ, வழி கிடைத்தது. இசைவாணி வாசற்படியில் ஒரு கணம் தயங்கிச் சின்னப்பொண்ணுவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "வா கண்ணு, இது உன் சிநேகிதி வூடு" என்றாள் சின்னப்பொண்ணு. இருவரும் நடுவீட்டைத் தாண்டிக் கொல்லைக்குப் போனார்கள். அங்கே, இசைவாணி வருகிறாள் என்று தெரிந்ததும் அப்பாவை இறக்கிவிடச் சொல்லித் தண்ணீரில் தயாராக நின்றிருந்த சசிரேகா, ஓரத்தைப் பிடித்திருந்த கையை விட்டாள்.