உயிர் போகாத பட்டு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஊறுகாய் ஜாடியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கட்டியவள் ரைமாலி நார்ஜாரி. அசாமில், கோக்ராஜாரில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி. பின்கட்டில் நீளமாக ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஒன்பது பெண்களை வைத்து எரி என்கிற பட்டில் போர்வையும் துப்பட்டாவும் மேல்சட்டைத் துணியும் நெய்து வெளியூர்களுக்கு அனுப்புகிறாள். நான் கதை எழுதுவது அவளுக்குத் தெரியும். கணக்கு வாத்தியாரான எனக்கு இது ஏன் என்று அவளுக்குப் புரிந்ததில்லை.

"எப்பப் பார்த்தாலும் எதையாவது எழுதிக்கிட்டே இருக்கீங்க அக்கா. எங்க தொழிலைப் பத்தி ஒண்ணு எழுதுங்களேன். ஆனா அழுகை வேண்டாம். தறிக்காரி கதைன்னாலே கடைசியில அவளைக் கொன்னுடுறாங்க. நான் போன வருஷம்தான் கார் ஓட்டப் பழகியிருக்கேன்" என்றாள்.

சரி என்று வந்து உட்கார்ந்தேன்.

பிரம்மபுத்திராவின் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு தறியின் ஓசை

(பிரம்மபுத்திரா இங்கிருந்து வெகுதூரம். தறியின் ஓசையைக் கிழித்துக்கொண்டு வருவது கொட்டகையில் பாடும் ரேடியோ. அடித்துவிட்டேன்.)

அவள் விரல் நுனிகளில் நூற்றாண்டுகளின்

(விரல் நுனிகளில் நகப்பூச்சுதான் இருந்தது. ஊதா நிறம்.)

ஒரு புழு தன்னைச் சுற்றித் தானே

(வேண்டாம். முதல் வரியிலேயே புழுவை விட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ஆனாலும் புழு இல்லாமல் இந்தக் கதை நகராது. கொஞ்சம் தள்ளி விடுகிறேன்.)

2

மும்பையில் தேவாங்கி என்று ஒரு பெண். துணிக்கடை வைத்திருக்கிறாள். அவளுடைய வாடிக்கையாளர்கள் தோல் செருப்பு போடாதவர்கள், பட்டுக் கட்டாதவர்கள். பட்டுக்கு ஆசை இல்லை என்பதல்ல, புழுவைக் கொல்ல மனமில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகவே ஆண்டவன் எரிப் பட்டைப் படைத்திருக்கிறான் என்று தேவாங்கி கண்டுபிடித்தாள். மற்றப் பட்டுக்கூடுகளைப் போல இது முழுக்க மூடியிருக்காது. ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும். உள்ளே இருக்கும் உயிர் அந்துப்பூச்சியாகி அந்த வழியாக வெளியே போக முடியும். மிச்சக் கூட்டைப் பஞ்சு போலப் பிரித்து நூல் நூற்கலாம்.

போக முடியும். இந்தக் கதை முழுக்க அந்த 'முடியும்' என்ற சொல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

போக விடுவதில்லை. ரைமாலியின் மாமியார் கம்பாரிதான் புழு வளர்க்கிறவர். தட்டுத் தட்டாக ஆமணக்கு இலை போட்டு வளர்த்து, கூடு கட்டி முடித்ததும் உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவைப் பிதுக்கி எடுத்துவிடுவார். கூடு மருமகளின் தறிக்கு. புழு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு. மூங்கில் குருத்தோடு வதக்கினால் வீட்டில் சண்டையே வரும், யாருக்கு எவ்வளவு என்று. கூட்டை விடப் புழுவுக்கு நல்ல விலை. கம்பாரியைக் கேட்டால் அவர் வளர்ப்பது கறி. பட்டு அதில் கழியும் தோல்.

(நீ சாப்பிட்டிருக்கிறாயா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த புதிதில் சாப்பிடவில்லை.)

தேவாங்கி முதல் தடவை போர்வைகள் வாங்கியபோது கூடவே ஒரு பெட்டி நிறையச் சீட்டுகள் அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு போர்வையிலும் ஒன்று கட்ட வேண்டும். கெட்டியான காகிதம், ஓரத்தில் ஓர் இலைப் படம், அழகான ஆங்கிலம். ரைமாலி என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். "இந்தப் பட்டுக்காக ஒரு உயிரும் போகவில்லை" என்று படித்துச் சொன்னேன். கொட்டகையே சிரித்தது. கம்பாரிக்கு விஷயம் எட்டி, அவர் அடுப்படியிலிருந்து வந்து இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். பிறகு எல்லோருமாக உட்கார்ந்து சீட்டுகளைக் கட்டினார்கள்.

அன்று சாயங்காலம் ரைமாலி என்னிடம் கேட்டாள்.

"உங்க ஊர்ல கல்யாணம்னாலே பட்டுதானாமே. அந்தப் புழுவை என்ன பண்ணுவீங்க?"

"கூட்டோட வெந்நீர்ல போட்டுடுவாங்க."

"அப்புறம் சாப்பிடுவீங்களா?"

"அய்யய்ய, நாங்க அதெல்லாம் சாப்பிட மாட்டோம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான வருத்தம் இருந்தது. "அவ்வளவும் வீணாவா போகுது?" என்றாள்.

3

இங்கேதான் எனக்கு ரைமாலி மேல் சந்தேகம் வருகிறது. கதாபாத்திரமாகத்தான் சொல்கிறேன். வீட்டுச் சொந்தக்காரியாக அவள் தங்கம்.

இரண்டு தடவை சரக்குப் போன பிறகு தேவாங்கியிடமிருந்து போன் வந்தது. போர்வைகள் பறந்துவிட்டனவாம். இனி வருஷம் முழுக்க வேண்டுமாம், ஒன்பது தறி போதாதாம். அதற்கு முன்னால் நேரில் வந்து, பூச்சிகள் கூட்டை விட்டுப் பறப்பதைப் படம் எடுக்க ஆசைப்படுகிறாளாம்.

மறுநாள் ரைமாலி மாமியாரிடம் போய், இந்தத் தடவை ஒரு கூட்டைக்கூடத் தொட வேண்டாம், எல்லாம் பறக்கட்டும் என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? வருகிறவளுக்கு நாடகம் காட்டவா? அல்லது கட்டிய சீட்டை ஒரு தடவையாவது மெய்யாக்கிப் பார்க்கவா? இரண்டாவதுதான் என்று எழுத என் கை துடிக்கிறது. அவளையே கேட்டேன். "ரெண்டும்தான். ஏன், ஒரு காரியத்துக்கு ஒரு காரணம்தான் இருக்கணுமா?" என்றாள். கதை எழுதுகிறவளுக்கு இது பெரிய தொல்லை.

கம்பாரி சம்மதிக்கவில்லை. சந்தையில் தன்னை எதிர்பார்த்து நிற்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றார். மகன் ஊருக்கு வரும்போது என்ன சமைப்பது என்றார். (மகன் பிஜித் அருணாசலப் பிரதேசத்துக்கு லாரி ஓட்டுகிறான். இந்தக் கதைக்குள் வந்து போக அவனுக்கு நேரமில்லை.) கடைசியில் புழுவுக்கும் சேர்த்து மருமகளே விலை கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. கொடுத்ததும் வாங்கியதும் ஒரே சமையலறையில்தான். ஆனாலும் கம்பாரி நோட்டுகளை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டார்.

பிறகு பூச்சிகள் வந்தன.

அதுவரை அந்த வீட்டில் யாரும் அத்தனையைச் சேர்த்துப் பார்த்ததில்லை. அடுத்த முட்டைக்கு என்று கொஞ்சம் விடுவார்கள், அவ்வளவுதான். இப்போது ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்தில், ஆலிவ் பச்சையில் வெள்ளைப் பிறை போட்ட இறக்கையோடு, சுவரில், கொசுவலையில், சாமி படத்தில், அரிசி டிரம்மில். பறக்கவும் பெரிதாகப் பறக்கவில்லை. இறக்கையைப் படபடத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவற்றுக்குச் சாப்பிட வாய் கிடையாது. சில நாள் இருந்து, முட்டை போட்டுவிட்டு, உதிர்ந்துவிடும். கம்பாரி காலையும் மாலையும் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளிக் கோழிகளுக்குக் கொட்டினார். ஒன்றும் பேசாமல்தான் கொட்டினார். ஆனால் ரைமாலி பார்க்கும்படி கொட்டினார்.

இன்னொன்றும் நடந்தது. வெளியே வரும்போது பூச்சி கூட்டுக்குள் ஒரு நீரை விட்டுவிட்டு வருகிறது. துருப்பிடித்த நிறம். பால் போல இருக்க வேண்டிய கூடுகளெல்லாம் கறை. சலவைச் சோடாவில் எவ்வளவு கொதிக்க வைத்தும் முழுக்கப் போகவில்லை. நூல் பழுப்பாகத்தான் வந்தது.

4

விருந்துக் காட்சியை நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். மும்பைப் பெண் உட்காருகிறாள். மாமியார், விவரம் தெரியாமல், வீட்டில் இருப்பதிலேயே நல்ல பண்டத்தைக் கிண்ணத்தில் கொண்டுவந்து

(அப்படி நடக்கவில்லை. கம்பாரிக்கு எல்லா விவரமும் தெரியும். கறி மீன் படாத புதுச் சட்டி வாங்கி, உளுந்தும் பூசணியும் தனியாகச் சமைத்து வைத்திருந்தார். எவ்வளவு நல்ல காட்சி, வீணாகிவிட்டது.)

நடந்தது இதுதான். தேவாங்கி வந்தாள். எளிமையான பெண், ரைமாலியை விடப் பத்து வயது சின்னவள். பூச்சிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஒன்று அவள் தோளில் வந்து உட்கார்ந்ததும் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். படம் எடுத்தாள். கண் கலங்கியதா என்றால் கலங்கியது. நான் அதைக் கேலி செய்ய மாட்டேன்.

பிறகு காலிக் கூடுகள் இருந்த தட்டுக்குப் போனாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்று. பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த பழுப்பு நூலைத் தொட்டாள். துணி வியாபாரம் செய்கிறவள் அல்லவா.

"இது கறையா இருக்கே. இதுக்கு முன்னாடி அனுப்பினது எல்லாம் அவ்வளவு வெள்ளையா எப்படி வந்தது?" என்று கேட்டாள்.

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. இந்தி எல்லோருக்கும் புரியும்.

அந்த இடத்தில் ரைமாலிக்குச் சொல்ல எத்தனையோ பொய் இருந்தது. வேறு சோப்பு, வேறு தண்ணீர், வேறு பருவம். நானே மனதுக்குள் நாலைந்து தயார் செய்துவிட்டேன். ஒன்பது தறி, இனி வரப்போகும் தறிகள், எல்லாம் அந்த ஒரு பதிலில் இருந்தன.

"அதெல்லாம் நாங்க புழுவை எடுத்துட்டோம் மேடம். எடுத்துச் சாப்பிட்டோம். எப்பவும் அப்படித்தான்" என்றாள்.

தேவாங்கி தட்டைக் கீழே வைத்தாள். சாப்பிட்டதற்காக அவள் கோபப்படவில்லை. தன்னிடம் வாங்கியவர்கள் ஒவ்வொருவரிடமும் தன் வாயால் சொன்னதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"நீங்க கேக்கல. சீட்டை அச்சடிச்சு அனுப்பிக் கட்டச் சொன்னீங்க. கட்டினோம்."

"கட்டும்போது எல்லாரும் சிரிச்சிருப்பீங்க."

"முதல் நாள் சிரிச்சோம்."

"அப்புறம்?"

"அப்புறம் பழகிடுச்சு" என்றாள் ரைமாலி. சொல்லும்போது தேவாங்கியைப் பார்க்கவில்லை. அவளை நான் அப்படிப் பார்த்தது அன்றுதான்.

கம்பாரி நடுவில் புகுந்து, சாப்பாடு ஆறுகிறது, எதுவானாலும் சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று தேவாங்கியின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவள் மறுக்கவில்லை. பூசணியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாக முட்டைகள். இதெல்லாம் என்னவாகும் என்று கேட்டாள்.

கம்பாரி அதற்குச் சொன்ன பதிலை ரைமாலிதான் இந்தியில் சொன்னாள். ஒரு பூச்சி நூற்றுக்கணக்கில் இடும். எல்லாம் பொரிந்து புழுவானால் இந்தத் தாலுகாவில் இருக்கிற ஆமணக்கு இலை போதாது. வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சுரண்டிப் போட்டுவிட வேண்டும். விட்டால் பட்டினியில் சாகும்.

"யாராவது ஒருத்தர் சாப்பிடத்தான் போறாங்க மேடம். நாங்களா கோழியான்னுதான்" என்று ரைமாலி தன் பங்குக்குச் சேர்த்தாள்.

தேவாங்கிக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டோமே என்று உடனே முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டாளியிடம் பேச வேண்டும், போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு மத்தியான ரயிலுக்குக் கிளம்பினாள். ரைமாலிதான் காரில் கொண்டுபோய் விட்டாள். வழியில் இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். ரைமாலிக்கு ஓட்டும்போது பேசவும் வராது.

5

முடிவு.

ஒன்று எழுதினேன். தேவாங்கி திரும்பி ஓடிவந்து ரைமாலியைக் கட்டிக்கொள்கிறாள். ரைமாலியிடம் படித்துக் காட்டினேன். "ரயிலை விட்டுட்டாளா?" என்றாள்.

இன்னொன்று எழுதினேன். வியாபாரம் முறிகிறது, தறிகள் மௌனமாகின்றன. "ஒரு மும்பைக்காரி வாங்கலைன்னா தறியை நிறுத்திட்டு நான் உக்காந்திருப்பேனா? என்னை எத்தனை வருஷமா பார்க்கிறீங்க?" என்று நிஜமாகவே கோபித்துக்கொண்டாள்.

நடந்ததை எழுதிவிடலாம் என்று பார்த்தேன். போன் வந்தது. செவ்வாய்க்கிழமை முற்பகல். ரைமாலி தறியில் இருந்தாள். மணியை அடிக்க விட்டு, கையில் இருந்த வரியை முடித்து, நூல் பாய்ச்சும் நாடாவை ஓரமாக வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பாக்கு மரங்களுக்கு நடுவே போனாள். கொட்டகையில் யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். ஜன்னல் வழியாக எல்லோரும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நெடுநேரம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிறகு நெடுநேரம் அவளே பேசினாள். ஒரு தடவை சிரித்தாள். ஒரு தடவை கால் கட்டைவிரலால் மண்ணில் ஏதோ கூட்டிக் கழித்தாள். திரும்பி வந்து மாமியாரிடம் ஒரு வாக்கியம் சொன்னாள். கம்பாரி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

என்ன வாக்கியம் என்று எனக்குத் தெரியும். அதை எழுத உட்கார்ந்தபோதுதான் ரைமாலி பேனாவின் மேல் கையை வைத்தாள்.

"அதை எழுதாதீங்க அக்கா. அது வியாபாரம்."

"தமிழ்லதானே எழுதுறேன். இங்க யாரு படிக்கப் போறா?"

"இங்க யாரும் படிக்க மாட்டாங்க. உங்க ஊர்ல படிப்பாங்கல்ல? நாளைக்கு அவங்களுக்கும்தான் விக்கணும். எந்த விலைக்கு எது போகுதுன்னு இப்பவே தெரிஞ்சா பேரம் பேசுவாங்க. தறி ஓடுதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

தறி ஓடுகிறது. இதை எழுதும்போது அந்தச் சத்தத்தில்தான் எழுதுகிறேன்.

எழுந்து போனவள் வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள். "வேணும்னா ஒண்ணு கேட்டு எழுதுங்க. உங்க ஊர்க்காரங்களுக்கு வெள்ளைப் போர்வை வேணுமா, கறைப் போர்வை வேணுமா?"

கேட்டுவிட்டேன்.