நாற்பதில் நின்ற முள்

தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய இருபத்திரண்டு வீடுகளுக்கு இரண்டு பைப்புகள்தான். ஆளுக்கு நூறு எண்ணிக்கை என்பது அங்கே எழுதாத சட்டம். ஒருத்தி வாளியை வைத்தால் அவளுக்குப் பின்னால் நிற்பவள் சத்தமாக எண்ணுவாள். நூறு வந்ததும், நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் வாளி நகர வேண்டும். அதனால்தான் தண்ணீர் குறைந்தது முதலில் யாருக்கும் தெரியவில்லை. வாளி பாதியில் நின்றபோது, பின்னால் நிற்பவள் வேண்டுமென்றே வேகமாக எண்ணுகிறாள் என்றே ஒவ்வொருத்தியும் நினைத்தாள். ஆனி முழுவதும் சண்டை. ஆடியில் பெரியாயியும் பக்கத்து வீட்டு ரெங்கம்மாவும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஆவணியில் பெண்கள் மலையேறித் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த வெயிலிலும் தொட்டி வழிந்துகொண்டிருந்தது. கீழ் லயத்தில் தண்ணீர் கொட்டியது. அன்றோடு சண்டையின் முகம் திரும்பிவிட்டது. மேல் லயத்துக்குப் போகும் வால்வின் சாவி தோட்டத்தில் ஒரே ஆளிடம்தான் இருந்தது. அவன் பைப்புக்காரன் சிவஞானம், பெரியாயியின் புருஷன்.

“கீழ் லயத்துக் கங்காணி மக சடங்குக்கு யாரு வீட்டுக்குப் பலகாரத் தட்டு வந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாதா? தட்டு இங்கிட்டு வந்துச்சு, தண்ணி அங்கிட்டுப் போயிருச்சு” என்றாள் ரெங்கம்மா, வாளியைப் பார்த்து.

தட்டு வந்தது உண்மை. அதிலிருந்த அதிரசத்தைப் பெரியாயியும் தின்றிருந்தாள். அப்போது இனித்தது இப்போது தொண்டையில் எங்கோ ஒட்டிக்கொண்டிருப்பது போலிருந்தது. முன்பெல்லாம் வாரம் ஒருமுறை வால்வடிக்குப் போகிற சிவஞானம் இப்போது தினமும் போனான். கேட்டதற்கு, “முழுசாத் தொறந்துதான் கெடக்கு. அதான் போய்ப் போய்ப் பாக்குறேன்” என்றான். திறந்து கிடப்பதை ஒருவன் எதற்குத் தினமும் போய்ப் பார்க்க வேண்டும்? அவள் அவனுக்குச் சோறு போட்டாள். போட்டுக்கொண்டே அவன் காலில் ஒட்டியிருந்த சேற்றின் நிறத்தைப் பார்த்தாள். அது வால்வடிச் செம்மண்ணா, கீழ் லயத்துக் கரிசல் சேறா? பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவனைக் காலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

வால்வில் கைவைத்தது யாரென்று தெரிந்தால் பத்துச்சீட்டுதான் என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். அது கைக்கு வந்தால் வேலையோடு வீடும் போகும்.

ஞாயிற்றுக்கிழமை பதுளையிலிருந்து கனகரத்தினம் வந்தார். குழாய்களைப் பரிசோதிக்கும் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர். கடிகாரம் போன்ற வட்டமான பித்தளைக் கருவி ஒன்றை ஒரு பைப்பின் வாயில் முறுக்கிப் பூட்டி, பைப்பைத் திறந்தார். கருவி வாயை அடைத்திருந்ததால் ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. முள் மட்டும் துள்ளி ஏறி நின்றது.

“தொட்டி தொண்ணூறு அடிக்கு மேல நிக்குது. அந்த உயரத்துக்கு நாப்பது இறாத்தல் அமுக்கம் வரவேணும். பாருங்கோ, நாப்பது. குழாயில ஒரு பிழையும் இல்லை.”

“அப்ப தண்ணி எங்கங்க போகுது?” என்றாள் வாளியோடு நின்ற ஒருத்தி.

“ஆரோ வால்வை மூடித் திறக்கினம். நான் வாறனெண்டு இண்டைக்குத் திறந்து விட்டிருப்பினம்.”

“அதைத்தானுங்க நாங்களும் சொல்றோம்” என்றாள் ரெங்கம்மா. எல்லாக் கண்களும் சிவஞானத்தின் மேல் போயின. அவன் சாவியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

பெரியாயிக்கு அந்த முள்ளின் மேல் நம்பிக்கை வரவில்லை. இன்று காலையும் அவளுடைய வாளி பாதிதான். “ஐயா, அந்த முள்ளு நிக்கிறப்ப தண்ணி ஓடவே இல்லையேங்க. பக்கத்துப் பைப்பைத் தொறந்துட்டுப் பாருங்களேன்.”

“நீர் ஆர் பிள்ளை?”

“பைப்புக்காரர் சம்சாரம்” என்றாள் ரெங்கம்மா. “வேற யாரு கேப்பா?”

சிரிப்பு எழுந்தது. வேலையை முடித்துக்கொண்டு போகிற எண்ணத்தில்தான் கனகரத்தினம் பக்கத்துப் பைப்பைத் திருகினார். தண்ணீர் ஒல்லியாக வந்தது. முள் சரிந்து ஆறில் நின்றது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஓடாமல் நிக்கிற தண்ணி உயரத்தை மட்டும்தான் காட்டும். ஓடேக்கைதான் தடை தெரியும். நான் அவசரப்பட்டிட்டன்.” பிறகு சொன்னார்: “முப்பத்திநாலு இறாத்தல் வழியில எங்கையோ துலையுது. முதல்ல வால்வடியைப் பாப்பம்.”

புருஷனைக் காப்பாற்றக் கேட்டாளா, உண்மை தெரிய வேண்டுமென்று கேட்டாளா என்பது பெரியாயிக்கே பிடிபடவில்லை. வால்வைத் தாண்டிய இடத்தில் முள் இறங்கி நின்றால் அவனைத் தன் வாயாலேயே பிடித்துக் கொடுத்தவளாவாள்.

பைப்பை ஓடவிட்டுவிட்டு எல்லோரும் சரிவில் ஏறினார்கள். சிவஞானம் குழியின் மூடியைத் தூக்கினான். வால்வுக்கு அடுத்துக் குழாயிலிருந்த திருகு மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கனகரத்தினம் கருவியைப் பூட்டினார். எல்லோரும் குனிந்தார்கள்.

“முப்பத்தாறு” என்றார் அவர். “வால்வு முழுக்கத் திறந்துதான் கிடக்குது. தடை இதுக்கும் லயத்துக்கும் நடுவில.”

நடுவில் குழாய் கடக்கும் இடம் ஒன்றுதான்: கொழுந்து லொறி போகும் பாதை. தோண்டியபோது, லொறிகள் ஏறி ஏறி நசுங்கிப்போயிருந்த குழாய் வெளிப்பட்டது. இரண்டு அங்குல வாயில் ஒரு விரல்தான் நுழையும்.

“மனசுல வச்சுக்காதீங்கண்ணே” என்று ரெங்கம்மா வெற்றிலை நீட்டினாள். சிவஞானம் வாங்கிக்கொண்டான். “உங்க மேல எனக்கென்ன கோவம்? கேட்டீங்க, மூஞ்சிக்கு நேரா கேட்டீங்க.”

வீட்டுக்கு வந்ததும் வாசற்படியிலேயே நின்றான்.

“வால்வடியில எல்லாரும் முள்ளப் பாத்தாங்க. நீ மட்டும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்த.”

“பயமா இருந்துச்சுங்க.”

“பத்துச்சீட்டு குடுத்துருவாங்கன்னா?”

ஆமாம் என்று சொன்னால் போதும். அவன் தன் கையாலேயே அந்தப் பதிலை எடுத்து நீட்டுகிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. வாங்கிக்கொள்ள முடியவில்லை.

“அதுவுந்தான்” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். மண்வெட்டியை மூலையில் சாத்திவிட்டு, செம்பை எடுக்க அவள் நீட்டிய கையைத் தாண்டிப் போய், பானையிலிருந்து தானே மொண்டு குடித்தான்.