யார் அந்தப் பூசணி?

வகுப்புத் திரையில் பெயர்களை மறைத்திருந்தார்கள்; கடவுச்சொற்களை மறைக்கவில்லை. நாலாவது வரியில் ஆங்கில எழுத்தில் ‘பூசணி’, ஒட்டினாற்போல் அவள் பிறந்த வருடம். குண்டுக் குழந்தையாக இருந்தபோது அம்மா வைத்த செல்லப்பெயர், வீட்டு வாசலைத் தாண்டாதது. அப்படியென்றால் இது அம்மாவின் கடவுச்சொல்.

நாட்டின் மின்சாரக் கட்டுப்பாட்டு அறை ஊழியர்களுக்கு வைத்த பரீட்சை அது. போலி மின்னஞ்சல் அனுப்பி, யார் ஏமாந்து கடவுச்சொல்லைத் தருகிறார்கள் என்று பார்ப்பது. இணையப் பாதுகாப்புப் பயிற்சியில் இருந்த நாற்பது பேரும் ஆளுக்கொரு கடிதம் எழுத, அவளுடையதுதான் தேர்வானது. ‘உங்கள் பிள்ளையின் பயிற்சி முடிவு வந்துவிட்டது. அலுவலகக் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பார்க்கவும்.’ அந்த அறையில் அம்மா இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பது தெரியாமலா எழுதினாள்? காய்க்கடைக்காரரிடமே ஏமாறாத அம்மா இதிலா மாட்டப்போகிறாள் என்று நினைத்தாளாம். உண்மையில் அதைக்கூட நினைக்கவில்லை. முதல் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

“இந்த ஒரு சொல் போதும்,” என்றார் பயிற்சியாளர். “எதிரி குண்டு போட வேணாம். நாற்காலிய விட்டு எந்திரிக்காமலே பாதி நாட்ட இருட்டாக்கிடுவான். ஆஸ்பத்திரி, ரயிலு, எல்லாம் நின்னுடும்.”

“யார் சார் அந்தப் பூசணி?” என்று பின்வரிசையில் ஒருவன் கேட்க, வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

சாயங்காலம் வீட்டில் அம்மா சீக்கிரமே வந்திருந்தாள். கழுத்தில் எப்போதும் தொங்கும் அடையாள அட்டை இல்லை.

“பூசணி, வந்துட்டியா? இன்னைக்கு உங்கம்மா மானம் கப்பலேறிடுச்சு,” என்று சிரிக்கப் பார்த்தாள். “ஏதோ போலி மெயிலாம். உன் ரிசல்ட்டுன்னு போட்டிருந்துச்சா, கை சும்மா இருக்கல. எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேட்டாங்க. விசாரணை முடியிறவரைக்கும் வேற சீட்டாம், அந்த ரூம் பக்கமே போகக் கூடாதாம். எந்தப் படுபாவி எழுதினானோ, பெத்தவங்க மனசு தெரிஞ்சு எழுதியிருக்கான்.”

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். வெட்கத்தில் காது வரை சுட்டது.

“அது கெடக்கட்டும். உன் ரிசல்ட் என்னாச்சு?”

“முதல் இடம்மா.”

அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அதைப் பார்க்க முடியாமல், செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

“அப்ப நீயே சொல்லு,” என்று அம்மா தாளும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். “புதுசா பாஸ்வேர்டு வைக்கணுமாம். யாராலயும் கண்டுபிடிக்க முடியாததா ஒண்ணு.”

அவள் இன்னும் செருப்பு வாரையே நோண்டிக்கொண்டிருந்தாள். காத்திருந்த அம்மாவின் கை பழக்கதோஷத்தில் ‘பூ’ என்று எழுதிவிட்டது. சட்டென்று அதை அடித்துவிட்டு, தாளை மகள் பக்கம் நகர்த்தினாள்.