கூத்தாநல்லூர் பக்கம் காட்டிய படம்

தொழுநோயைவிடத் தொழுநோய்ப் படத்துக்குத்தான் ஜனங்கள் அதிகம் பயந்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், சுகாதாரக் கல்வி வேலையில் இருந்த இராஜாங்கம் வீடு வீடாகப் போய்க் கேட்டு அறிந்துகொண்ட சங்கதி அது. சர்க்கார் கொடுத்த பட அட்டையில் மூக்கு சப்பையான ஒருவன் பிச்சை எடுத்துக்கொண்டிருப்பான். "அது வேற சீக்கு சார், எனக்கு வெறும் தேமல்தான்" என்று சொல்லிவிட்டு ஆட்கள் நடவுக்குப் போய்விடுவார்கள். விரல் மடங்கிய பிறகே மாத்திரைக்கு வந்தார்கள்.

இராஜாங்கம் புது அட்டை ஒன்று செய்தார். நாற்று முடியைப் பிடித்த கை, புறங்கையில் ஒரு தேமல், கீழே 'இப்போதே வந்தால் கை இப்படியே இருக்கும்' என்று ஒரு வரி. பாபநாசம் பக்கத்து ஊர்களில் பழைய அட்டை, கூத்தாநல்லூர் பக்கம் புதியது. எங்கே ஆட்கள் சீக்கிரம் வருகிறார்கள் என்று பார்ப்பது திட்டம்.

படத்துக்குக் கையைக் கொடுத்தவர், பாபநாசத்துக்கு அருகே குடியிருந்து இராஜாங்கத்திடம் மாத்திரை வாங்கிவந்த மருதையன். மனைவி இல்லை, வேம்பு என்று ஒரே மகள். கூலிப் போராட்டத்தில் முன்னால் நின்றவர். பண்ணையின் ஆட்கள் அடித்ததில் அவருடைய இடது சுண்டுவிரல் வெளிப்பக்கம் கோணிப்போயிருந்தது. உழைப்பாளி கை என்பதை அந்த விரலே சொல்லட்டும் என்று இராஜாங்கம் அதையும் சேர்த்தே படம் பிடித்தார்.

"மொகம் தெரியாதுண்ணே. பேரும் போட மாட்டோம்."

"தெரிஞ்சாத்தான் என்ன தம்பி. நாலு பேரு சீக்கிரமா வந்தாச் சரி."

வந்தார்கள். தேமல் காசு அளவில் இருக்கும்போதே வந்தார்கள். இராஜாங்கத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கூத்தாநல்லூரை அடுத்த ஓர் ஊரில் கூட்டம் நடந்தபோது, முன்வரிசையில் இருந்த காத்தாயி அட்டையை உற்றுப் பார்த்தாள். அவள் மகனுக்குத்தான் வேம்புவைப் பரிசம் போட்டிருந்தார்கள். இராஜாங்கத்துக்கு அது தெரியாது.

"இது மருதையன் வெரலுல்ல?" என்றாள் மெதுவாக.

இராஜாங்கம் பதறிப்போய், "மாத்திரை சாப்பிட்டா ஒட்டாதும்மா. அவருக்குத் தேவலையாயிட்டு வருது" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

ஒரு வாரத்துக்குள் சம்பந்தம் முறிந்தது. இராஜாங்கம் மருதையன் வீட்டுக்குப் போனார். மருதையன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தார். வேம்புதான் பேசினாள்.

"ஒட்டாதுன்னு நீங்க சொன்னத நம்பி, அப்பா சாப்புட்ட தட்டுலதான் நானும் சாப்புட்டேன். அவங்களுக்கும் அதத்தான சார் சொன்னீங்க? அவங்க ஏன் நம்பல?"

இராஜாங்கம் அட்டைகளைத் திரும்ப வாங்கி விரலை மறைத்துத் தாள் ஒட்டினார். அதற்குள் விஷயம் பல ஊர் தாண்டிவிட்டது. வேம்புவைக் கேட்டு யாரும் வரவில்லை.

அந்த வருஷம் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது மருதையன் காணாமல் போனார். ஆற்றோடு போய்விட்டார் என்று அவருடைய மைத்துனர், வேம்புவின் தாய்மாமன், வந்து சொன்னார். வேம்பு மண்ணில் விழுந்து புரண்டு அழுதாள். காரியம் முடிந்து ஆறு மாதத்தில், தகப்பன் இல்லாத பெண் என்று சொல்லித் தாய்மாமன் அவளைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்தார்.

இரண்டு வருஷம் கழித்து, நோயாளிகளைக் கணக்கெடுக்கக் கோடியக்கரைக்குப் போன இராஜாங்கம் உப்பளத்தில் மருதையனைப் பார்த்தார். உணர்ச்சி இல்லாத கையை உப்பு அரித்திருந்தது. இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன. நல்ல தண்ணீர் கொண்டுவந்து கழுவிக் கட்டுப் போட்டார்.

"மாத்திர சாப்புடலியாண்ணே?"

"கேட்டு வாங்கினா சீக்குன்னு தெரிஞ்சுடும். வெளில தள்ளிருவாங்க." மருதையன் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேம்பு எப்புடி இருக்கா தம்பி?"

"நல்லா இருக்கு. ஆம்பளப் புள்ள பொறந்திருக்காம்."

அவர் முகம் மலர்ந்து, உடனே கோணியது. தோளில் கிடந்த துண்டால் கண்ணை அழுத்திக்கொண்டார்.

"ஆத்தோட போனேன்னு மச்சான நான்தான் சொல்லச் சொன்னேன்."

"வேம்புகிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாமேண்ணே."

"அவ நெசமா அழுதாத்தான் தம்பி ஊரு நம்பும்."

சொல்லிவிடாதீர்கள் என்று அந்தக் கட்டுப்போட்ட கையாலேயே அவர் இராஜாங்கத்தின் கையைப் பிடித்தார். இராஜாங்கம் தலையசைத்தார்.

அடுத்த மாதம் மாத்திரைகளோடு போனபோது உப்பளத்தில் அவர் இல்லை. வேதாரண்யம், தோப்புத்துறை என்று விசாரித்துப் பார்த்தார். எங்கும் கிடைக்கவில்லை.