உள்பக்கத் தாழ்ப்பாள்

பூட்டுத் தொழிலில் எனக்கு ஐம்பத்தோரு வருஷம். நான் தெருமுனையில் இருமினால் ஐந்தாம் வீட்டுப் பூட்டு தானே திறந்துகொள்ளும் என்று ஒரு பேச்சு உண்டு. அது மிகை. மூன்றாம் வீடு வரைக்கும்தான்.

ஒரு நாள் காலையில் கடைக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். அவன் ரேடியோ பழுதுபார்க்கிறவன். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம்.

"எங்க ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும். போடுறது யாருக்கும் தெரியக்கூடாது," என்றான் அவன், உதடு அசையாமல்.

எனக்குப் பூட்டைவிட வாயைத் திறப்பது சுலபம். கால் மணி நேரத்தில் எல்லாம் வந்துவிட்டது. அவளுக்கு 'அதில்' நாட்டமில்லை என்று டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அவர் டானிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். நாலு பாட்டில் குடித்ததில் தலைமுடி மட்டும் நன்றாக வளர்ந்ததாம்.

"ஆசை இல்லாமலாம் இல்லீங்க ஐயா," என்றாள் அவள். "வருது. வந்து, கதவைப் பாத்துட்டு, திரும்பிப் போயிடுது."

அந்த வீட்டில் குளியலறை தவிர எந்த உள்கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது என்பது குடும்பப் பெருமை. போதாததற்கு வீட்டின் ஒரே பீரோ இவர்கள் அறையில். மாமியாரின் புடவை, நாத்தனாரின் இஸ்திரிப் பெட்டி, மாமனாரின் மூட்டுவலித் தைலம் எல்லாம் அதற்குள். போன வாரம் மாமனார் தைலம் எடுக்க வந்தவர், "நீங்க பேசிட்டிருங்க" என்று கட்டிலோரமாக உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் தேய்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாராம்.

வியாழக்கிழமை பெரியவர்கள் இருவரும் மாமியாரின் தங்கை வீட்டுக்குப் போவார்கள். நாத்தனார் வேலைக்குப் போய்விடுவாள். அந்த நேரத்தில் போனேன். நான் துளை போடும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று அந்தப் புத்திசாலி ஏழு ரேடியோவை ஏழு நிலையங்களில் அலறவிட்டான். பக்கத்து வீட்டம்மா அவன் அம்மாவுக்குப் போன் போட்டு, உங்கள் பிள்ளைக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்லிவிட்டாள். இருபதாவது நிமிஷம் மாமியார் வாசலில். பின்னால் மாமனார், ஓடிவந்த அவசரத்தில் ஒரு காலில் மட்டும் செருப்போடு.

அவன் ரேடியோக்களை ஒவ்வொன்றாக அணைத்தான். ஏழாவதுக்குப் பிறகு ஒளிந்துகொள்ள எதுவும் இல்லை.

"காத்துல கதவு அடிச்சுக்குதும்மா."

"இந்த வீட்டுல ஏதுடா காத்து?"

என்னைப் பார்த்தான். நான் பொய்யே சொல்லாதவன். "கரையான்," என்றேன்.

மாமியார் மருமகளைப் பார்த்தாள். அவளும் காற்று என்றோ கரையான் என்றோ சொன்னால், நான் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அவள் ஐந்தாவது பாட்டிலைத் திறக்க வேண்டியதுதான். நாலு பேர் மூச்சை இழுத்துப் பிடித்ததில் என் அளவுநாடா அரை அங்குலம் சுருங்கியது.

"நான்தான் கேட்டேன் அத்தை. எனக்கு அவரோட தனியா இருக்கணும்னு ஆசையா இருக்கு. கதவைச் சும்மா சாத்தி வச்சா உடம்பு மட்டும்தான் உள்ள இருக்கு. காது ரெண்டும் ஹால்ல இருக்கு."

மாமியார் கட்டிலில் உட்கார்ந்தாள். பீரோவை மேலும் கீழும் பார்த்தாள்.

"முப்பது வருஷம் இது எங்க ரூம். அப்பவும் பீரோ இங்கதான். இவரு என்னை மரக்கட்டைம்பாரு. நல்ல பொம்பளைங்க அப்படித்தான் இருப்பாங்கன்னு எங்கம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. ரெண்டையும் நம்பிட்டேன்." மகன் பக்கம் திரும்பினாள். "என்னடா பாத்துட்டு நிக்கிற? பீரோவை ஹாலுக்குத் தள்ளு."

நாலு பேர் தள்ளினோம். பீரோ போனதும் பாரம் குறைந்து அந்த அறை இரண்டு விரற்கடை மேலே எழும்பியது. இன்றைக்கும் உள்ளே போகிறவர்கள் காலைத் தூக்கித்தான் வைக்கிறார்கள்.

வேலை முடிந்தது. சரியாக விழுகிறதா பார்க்கிறேன் என்று அவள் உள்ளே போய்த் தாழ் போட்டாள். வெளியே வரவில்லை. அவன் தட்டினான்.

"நான்தான்."

"தெரியுதுங்க. கொஞ்ச நேரம் சும்மா படுத்திருக்கேன். நானே கூப்பிடுறேன்."

அவன் வாசற்படியில் ஒரு ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மாமியார் என்னை அடுத்த அறைக்குக் கூட்டிப்போனாள். "இந்தக் கதவுக்கும் அளவெடுங்க."

"நமக்கெதுக்கு இப்போ?" என்றார் மாமனார். "எனக்கு மூட்டுவலி."

"மூட்டுக்கா தாழ்ப்பாள் போடுறாங்க? நீங்க சும்மா இருங்க."

பாதி அளவில் இருக்கும்போது அங்கே தாழ்ப்பாள் விலகியது. "என்னங்க. வாங்க." குரலில் சிரிப்பு இருந்தது. ரேடியோ தரையில் விழுந்து தானாகவே பாடத் தொடங்கியது. மறுபடி தாழ் விழுந்தது.

மாமியார் என் பையிலிருந்து இன்னொரு தாழ்ப்பாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு எத்தனை திருகு?"

"ஆறும்மா."

"எட்டாப் போடுங்க."