பதினாறுக்கு ஒன்பது

எங்கள் கம்பெனியில் டேப்லெட்டின் திரை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது ஆயுத பூஜை. கேலிக்குச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், கையெழுத்தும் போட்டேன்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு தயாரிக்கிற கம்பெனி எங்களுடையது. லைனில் ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஒரு ஏ-ஃபோர் தாள் படுக்கை வாட்டில் தொங்கும். முதலில் எந்த ஒயர், பிறகு எந்த கனெக்டர் என்று வேலையை வரிசையாகச் சொல்லும் தாள். எஸ்.ஓ.பி. என்போம். அதைத் தயாரிப்பதுதான் எழிலரசன் ஆகிய என் வேலை. ஒரு நாள் லைனைச் சுற்றிப் பார்க்க வந்த கஸ்டமர், "இன்னுமா பேப்பர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் காருக்குள் ஏறி சுங்குவார்சத்திரம் தாண்டுவதற்குள் நாற்பது டேப்லெட் வாங்க ஒரு கமிட்டி உருவாகிவிட்டது.

பிளான்ட் ஹெட் பலராமன் சார், பர்ச்சேஸ் லோகேஷ், நான். இவ்வளவுதான் கமிட்டி. லைனில் நின்று வேலை செய்கிற ஒருவரும் இல்லை. யார் பார்க்கப் போகிறார்களோ அவர்களையே கூப்பிட்டுக் கேட்கிற கெட்ட பழக்கம் எங்களுக்குக் கிடையாது.

லோகேஷ் இரண்டு சாம்பிள் கொண்டுவந்தான். ஒன்று நாலுக்கு மூன்று, கொஞ்சம் சதுரமானது. இன்னொன்று பதினாறுக்கு ஒன்பது, அகலமாய், குள்ளமாய். இரண்டிலும் எங்கள் கம்பெனியின் ஆயுத பூஜை வீடியோவை ஓடவிட்டான். அவனுடைய மச்சான் எடுத்த வீடியோ. அதில் முதல் காட்சியே மேலிருந்து எடுத்த செம்பரம்பாக்கம் ஏரி. எங்கள் பூஜைக்கும் அந்த ஏரிக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

அகலமான டேப்லெட்டில் ஏரி திரை முழுக்கத் தளும்பியது. சதுரமானதில் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழுந்தது.

"இன்னாய்யா இது, பாதி இருட்டா கீது? கறுப்பு பாக்கவா நாம துட்டு குடுக்கறோம்?" என்றார் பலராமன் சார்.

"அகலம்தான் சார் இப்ப ட்ரெண்டு," என்றான் லோகேஷ்.

நான் வாயைத் திறந்தேன். "சார், நாம பாக்கப் போறது வீடியோ இல்ல, எஸ்.ஓ.பி. நாலுக்கு மூணுல ஏ-ஃபோர் தாள் முழுசா வரும். இதுல எழுத்தப் படிக்கிற சைஸ்ல வெச்சா அடியில கால்வாசி கீழ போயிடும்."

"ஸ்க்ரோல் பண்ணிக்கட்டும். வெரல் எதுக்குக் குடுத்துகிறான் ஆண்டவன்?"

லோகேஷ் சிரித்தான். நானும் சிரித்தேன். ஒருமனதாகத் தேர்வு செய்யப்பட்டது என்று மினிட்ஸில் எழுதியதும் நான்தான்.

டேப்லெட்டுகள் வந்தன. யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று மெயின்டனன்ஸ்காரர்கள் இரும்பு ஸ்டாண்டு செய்து, மேசையோடு படுக்கை வாட்டில் வெல்டு வைத்துவிட்டார்கள். இனி அதைத் திருப்ப வேண்டுமென்றால் கேஸ் கட்டர் வேண்டும். லைனில் எல்லோரும் கையுறை போட்டிருப்பார்கள். கையுறை விரலுக்கு அந்தத் திரை அசையாது. கழற்றினால் சூப்பர்வைசர் கத்துவார். ஆகவே இரண்டாம் வாரத்திலிருந்து எங்கள் ஆட்கள் குனிந்து மூக்கு நுனியால் ஸ்க்ரோல் செய்ய ஆரம்பித்தார்கள். கஸ்டமருக்கு அனுப்பிய போட்டோவில் ஒருவர் அப்படிக் குனிந்திருந்ததை, "உன்னிப்பாகப் படிக்கும் ஊழியர்" என்று தலைப்பிட்டு அனுப்பினோம்.

பிறகு புது மாடல் வந்தது. அதன் எஸ்.ஓ.பி.யில் பன்னிரண்டு வரி. பதினொன்றாவது வரி: கனெக்டர் பூட்டிய சத்தம் கேட்டதும் அதன் மேல் பச்சைப் புள்ளி வை. திரையில் பத்தாவது வரி முடிகிற இடத்தில் கட்டத்தின் கோடு சரியாகத் திரையின் விளிம்போடு சேர்ந்தது. பார்க்கிற யாருக்கும் தாள் அங்கேயே முடிந்த மாதிரிதான் இருக்கும்.

அந்த மேசையில் நின்றவள் மதிவதனி. சேரப்பணஞ்சேரிப் பெண். இரண்டு வருஷ ட்ரெய்னி. அந்த மாதம் முப்பதாம் தேதியோடு அவள் பயிற்சி முடிகிறது. அதற்குள் வேலை நிரந்தரம் என்கிற கன்ஃபர்மேஷன் கடிதம் வர வேண்டும். வராவிட்டால் ஒன்றாம் தேதி கம்பெனி பஸ் அவளை ஏற்றாது. கடிதம் வர ஒரே நிபந்தனை, ஃபைலில் தவறு எதுவும் இருக்கக் கூடாது.

இருபத்தாறாம் தேதி, பச்சைப் புள்ளி இல்லாத முந்நூறு கட்டுகளைக் கஸ்டமர் திருப்பி அனுப்பினார்.

பலராமன் சார் அறையில் விசாரணை நடந்தது.

"சார், பத்து வரிதான் சார் தெரிஞ்சுது. அதுக்குக் கீழ இருந்தது எனக்குத் தெரியவே இல்ல," என்றாள் மதிவதனி.

"தெரியலன்னா ஸ்க்ரோல் பண்ணணும்மா. மேல 'படித்தேன்'னு பட்டன் கீதே, அத அமுக்கினியா இல்லியா?"

"அமுக்கினேன் சார்."

"அமுக்கிட்டா முழுசா படிச்சேன்னுதான் அர்த்தம். அப்புறம் பாக்கலன்னு சொல்லக் கூடாது."

அவள் அழவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள். "இந்த டேப்பு வாங்கறப்ப நீங்களும் இருந்தீங்களாமே சார். பேப்பர் முழுசா தெரியுதான்னு ஒரு தபா வெச்சுப் பாக்கலியா?"

ஏரியை வைத்துப் பார்த்தோம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? எனக்கு அவமானமாக இருந்தது. அவளுடைய இரண்டு வருஷத்தை நான் ஒரு சிரிப்பில் தொலைத்திருந்தேன்.

தவறு நடந்தால் எங்கள் தொழிலில் வொய்-வொய் என்று ஒரு சடங்கு உண்டு. ஏன் என்று ஐந்து முறை கேட்டு, ஐந்தாவது பதிலில் மூல காரணத்தைப் பிடித்து, கஸ்டமருக்கு அனுப்ப வேண்டும். நான் பார்த்த இத்தனை வருஷத்தில் ஐந்தாவது பதில் மேசையில் நிற்கிற ஆபரேட்டரைத் தவிர வேறு யார் மேலும் விழுந்ததில்லை. எழுதுவது நான், கையெழுத்து பலராமன் சார்.

"அஞ்சாவதுல கவனக்குறைவுன்னு போட்டுடு. அந்தப் பொண்ணு லெட்டர நிறுத்தச் சொல்லி எச்.ஆர்.கிட்ட பேசிக்கறேன்," என்றார்.

அன்று மாலை உட்கார்ந்து எழுதினேன். புள்ளி ஏன் இல்லை? ஆபரேட்டர் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை? அந்த வரியைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? ஸ்க்ரோல் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? கையுறை போட்டிருந்தார். இதுவரை சாருக்குத் தேன் மாதிரி இருக்கும். ஐந்தாவதற்கு வந்தேன். எனக்கும் வேலை போகலாம். ஆனாலும் எழுதினேன். ஸ்க்ரோல் செய்தால்தான் தெரியும் என்ற நிலை ஏன் வந்தது? எஸ்.ஓ.பி. தாளை வைத்துப் பார்க்காமல், பூஜை வீடியோவை வைத்துத் திரை தேர்வு செய்யப்பட்டது. செய்தவர்கள்: பலராமன், லோகேஷ், எழிலரசன். ஆபரேட்டர் மேல் தவறில்லை.

அந்த ஃபாரமும் ஏ-ஃபோர்தான், படுக்கை வாட்டில்தான். கம்பெனி முழுக்கப் பேப்பர் ஒழிந்துவிட்டதால் சார் மேசையிலும் அதே அகலமான டேப்லெட்தான். நான் எதையும் மறைக்கவில்லை. தாள் எங்கே வெட்டுப்படும் என்று எனக்குத் தெரியாது என்றும் சொல்ல மாட்டேன்.

சார் பார்த்தார். ஆபரேட்டர், ஆபரேட்டர், ஸ்க்ரோல், கையுறை. ஐந்தாவதில் தான் சொன்னதுதான் இருக்கும் என்ற திருப்தியோடு தலையாட்டினார். மேலே இருந்த 'அனுமதி' பட்டனை அமுக்கினார். அது நேராகக் கஸ்டமருக்குப் போய்ச் சேர்ந்தது.

இருபத்தொன்பதாம் தேதி பதில் வந்தது. உங்களிடமிருந்து வந்த முதல் நேர்மையான வொய்-வொய் இதுதான், பிளான்ட் ஹெட் தன் பெயரையே போட்டுக்கொண்டதைப் பாராட்டுகிறோம், திரைகளை மாற்றுங்கள், ஆபரேட்டர் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று எழுதி, எம்.டி.க்கும் எச்.ஆருக்கும் காப்பி போட்டிருந்தார்கள்.

சார் என்னைக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது.

"இன்னாய்யா இது? அஞ்சாவத நான் பாக்கவே இல்லியே."

"கீழ இருந்துச்சு சார்."

"கீழ இருந்தா?"

"ஸ்க்ரோல் பண்ணணும் சார்."

சார் தன் விரலைப் பார்த்தார். எம்.டி. வரைக்கும் பாராட்டு போன பிறகு, நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? நாலுக்கு மூன்றில் நாற்பது டேப்லெட் வாங்க அன்றே ஆர்டர் போட்டார். கேஸ் கட்டருக்கும் சேர்த்து.

முப்பதாம் தேதி மதியம் மதிவதனியை எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். கன்ஃபர்மேஷன் கடிதம் அங்கிருந்த அகல டேப்லெட்டில் திறந்திருந்தது. வாழ்த்துகள் என்று முதல் வரியிலேயே இருந்தது. "மேல 'சம்மதம்'னு கீது பாரு, அமுக்கும்மா," என்றார்கள்.

அவள் அமுக்கவில்லை. கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். விரலால் மெதுவாகத் தள்ளித் தள்ளிக் கடைசி வரிக்குப் போனாள். அதற்குக் கீழும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள்.

"இதுக்குக் கீழ ஒண்ணும் இல்லல்ல சார்?" என்று வாசலில் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இல்லம்மா. அவ்ளோதான்."

பிறகுதான் அமுக்கினாள்.